சரண்ஜித் சிங்கின் பத்து ராகங்கள்: மறுபதிப்பு இசைத்தட்டு எப்படி இருக்கிறது?

'உலகின் முதல் ஆசிட் ஹவுஸ் ஆல்பம்' என்ற பெயரோடுதான் இந்தத் தட்டு இன்று விற்கிறது; ஆசிட் ஹவுஸ் என்றால் எண்பதுகளில் சிகாகோவில் பிறந்த மின் நடன இசை. அந்தப் பெயரை நம்பி வாங்கினால் முதல் பத்து நிமிடத்திலேயே ஏமாற்றம் வரும். பெயரை மறந்துவிட்டு, ராகம் தெரிந்த ஒரு கீபோர்டு கலைஞர் மூன்று மின் கருவிகளை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்கிறார் என்று கேட்டால், விட மனசு வராது. இந்த விமர்சனம் இரண்டாவது வகைக் காதுகளுக்கு.

தட்டின் முழுப் பெயர் 'சிந்தசைசிங்: டென் ராகாஸ் டு எ டிஸ்கோ பீட்'. வாசித்தவர் மும்பையின் சரண்ஜித் சிங். 1982-ல் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா மூலம் வெளியாகி, விற்பனையில் எடுபடாமல் மறைந்துபோனது. டெல்லிக் கடை ஒன்றில் 2002-ல் ஒரு பிரதி எடோ பௌமன் என்ற டச்சு சேகரிப்பாளரின் கையில் கிடைத்தது. அவர் மும்பைக்கே போய் சரண்ஜித்தைத் தேடிப் பிடித்தார். 2010-ல் தன்னுடைய பாம்பே கனெக்‌ஷன் நிறுவனத்தில் இரட்டைத் தட்டாக மறுபடியும் கொண்டுவந்தார். நாம் பார்க்கப்போவது இந்த மறுபதிப்பை.

சரண்ஜித் எங்கிருந்தோ திடீரென்று குதித்தவர் அல்ல. ஹிந்தி சினிமாவின் ஒலிப்பதிவுக் கூடங்களில் பல வருஷம் பேஸ் கிடார், ஸ்டீல் கிடார், வயலின், ட்ரான்சிகார்ட் (மின் அக்கார்டியன்) என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் வாசித்தவர். சங்கர்-ஜெய்கிஷன், ஆர்.டி. பர்மன், லக்ஷ்மிகாந்த்-பியாரேலால் என எல்லா முகாமிலும் அவருக்கு நாற்காலி இருந்தது. சினிமாப் பாட்டுகளை வாத்தியத்தில் வாசித்துத் தனித் தட்டுகளும் போட்டிருக்கிறார். புதுக் கருவி எது வந்தாலும் முதலில் வாங்கிப் பழகிவிடுவது அந்தக் காலத்து செஷன் கலைஞருக்குப் பிழைப்பு சார்ந்த விஷயம்: யாரிடம் புதுச் சத்தம் இருக்கிறதோ அவருக்குத்தான் அழைப்பு வரும். அப்படித்தான் சிங்கப்பூரிலிருந்து மூன்று ரோலண்ட் கருவிகள் மும்பைக்கு வந்தன. அந்தச் சமயத்தில் சினிமா முழுக்க டிஸ்கோ. தபலாவை எடுத்துவிட்டு டிஸ்கோ தாளத்தை வைத்து ராகம் வாசித்தால் என்ன என்பதுதான் அவருடைய யோசனை, அவ்வளவே.

மூன்று கருவிகள் எவை என்று தெரிந்தால் தட்டில் கேட்பதைப் பிரித்துப் பார்க்கலாம். தாளம் டி.ஆர்.-808. இது 1980-ல் வந்தது. இதில் பதிவு செய்த மேளச் சத்தம் எதுவும் கிடையாது. எல்லாமே மின்சுற்றில் பிறப்பவை. கிக் (அடித்தாளத்தின் பெரிய மேள அடி) என்பது தட்டிவிட்ட ஊஞ்சல் மாதிரி ஆடி ஓயும் ஓர் அலை. சிம்பல் என்பது ஆறு சதுர அலைகளைக் கலந்து வடிகட்டியது. கீழே ஓயாமல் ஓடும் பேஸ் டி.பி.-303. டடாவோ கிகுமோட்டோ வடிவமைத்து 1981 கடைசியில் வந்த சின்னப் பெட்டி. கிடார்காரர்களுக்குத் துணை பேஸ் வாசிக்க உருவாக்கியது. அந்த வேலைக்கு அது உதவவில்லை என்பதால் 1984-லேயே உற்பத்தி நின்றது. மேலே ராகம் வாசிப்பது ஜூப்பிட்டர்-8. எட்டுக் குரல் (ஒரே நேரத்தில் எட்டு ஸ்வரம் ஒலிக்கும்), 61 கட்டை, அன்றைக்குக் கண்ணைக் கட்டும் விலை. முதல் இரண்டும் நிரல்படி தானாக ஓடும். மூன்றாவதுதான் கை.

முழுத் தட்டுக்கும் சாவி இந்தப் பிரிவினைதான். சிகாகோவில் ஃப்யூச்சர் குழு 1987-ல் வெளியிட்ட 'ஆசிட் ட்ராக்ஸ்' தட்டில்தான் ஆசிட் ஹவுஸ் வகைக்குப் பெயர் வந்தது. அதில் 303-ன் வரி அப்படியே இருக்கும். கட்ஆஃப் (ஒலி வடிகட்டியின் எல்லை), ரெசொனன்ஸ் (அந்த எல்லையைக் கூராக்குவது) திருகுகளைக் கை விடாமல் திருப்பிக்கொண்டே இருப்பார்கள். ஸ்வரம் நிற்கும், ஒலியின் நிறம் நகரும். சரண்ஜித்திடம் இது தலைகீழ். நிறம் கிட்டத்தட்ட நிற்கிறது, ஸ்வரம் நகர்கிறது. 303-ஐ அவர் தம்புராவின் இடத்தில் உட்கார வைத்திருக்கிறார்: ராகத்தின் ஸ்வரங்களுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்து ஷட்ஜத்தைக் காதில் ஊன்றும் வேலை. சிகாகோ இளைஞர்கள் இதைக் கேட்டுத்தான் செய்தார்கள் என்பதற்கு எந்தத் தடயமும் இல்லை. ஒரே பெட்டி இரண்டு ஊரில் இரண்டு விதமாகக் கண்டுபிடிக்கப்பட்டது. மறுபதிப்பு வந்தபோது, இது இப்போது யாரோ செய்து பழைய தட்டு என்று நடிக்கும் போலி என்று சிலர் சந்தேகப்பட்டதும் உண்டு. ராகத்தைத் தெரிந்து கேட்டிருந்தால் அந்தச் சந்தேகம் வந்திருக்காது; அந்த விரல்கள் பல வருஷம் பழகியவை.

கர்நாடக சங்கீதம் பழகிய நம்மவர்கள், ஹிந்துஸ்தானி ராகப் பெயர்கள் உள்ள இந்தத் தட்டின் அட்டையைப் படிக்கும்போது பெயரில் வழுக்கி விழ இடம் இருக்கிறது. அட்டையில் உள்ள பைரவி நம் பைரவி அல்ல. ஸ்வர வரிசையில் அது ஹனுமத்தோடி. அட்டையில் உள்ள தோடியோ நம் தோடி அல்ல. அது சுபபந்துவராளி வரிசை. கலாவதி என்பது தியாகராஜர் கீர்த்தனையில் கேட்ட கலாவதி இல்லை, வலஜி. லலித்தும் நம் லலிதாவும் வேறு வேறு: லலித்தில் இரண்டு மத்யமமும் ஒட்டி ஒட்டி வரும், நம் லலிதாவில் சுத்த மத்யமம் மட்டும். மற்றவை சிக்கலில்லை: பூபாலி மோகனம், யமன் கல்யாணி, மால்கௌன்ஸ் ஹிந்தோளம், பைராகி ரேவதி, மதுவந்தி தர்மவதியின் ஸ்வரங்கள், மேக் மல்ஹார் மத்யமாவதிக்குப் பக்கம்.

சரி, எது நன்றாக இருக்கிறது? ஐந்து ஸ்வர ராகங்கள்தான். மால்கௌன்ஸ், கலாவதி, பைராகி மூன்றும் இந்தத் தட்டின் உச்சம். காரணம் உணர்ச்சி சம்பந்தப்பட்டதல்ல, கணக்கு. 303-ன் ஒரு பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஓடும் வரிசை) அதிகபட்சம் 16 ஸ்டெப், அதாவது 16 ஸ்வர இடம். ஐந்து ஸ்வரத்தை 16 இடத்தில் வைத்தால் ஒவ்வொன்றும் மூன்று முறை காதில் விழும். ஒரு சுற்றிலேயே ராகத்தின் முகம் தெரிந்துவிடும். ஸ்வரங்களுக்கு இடையே இடைவெளி பெரிது என்பதால் கட்டைக்கும் உண்மையான சுருதிக்கும் உள்ள சின்ன வித்தியாசம் உறுத்தாது. மேலே ஜூப்பிட்டரில் வேகமாக ஏறி இறங்கினாலும் எந்த ஸ்வரமும் பேஸோடு முட்டுவதில்லை. கலாவதியில் மத்யமமும் ரிஷபமும் இல்லாத அந்த வெற்றிடம் டிஸ்கோ தாளத்துக்கென்றே விட்டுவைத்தது போல இருக்கிறது.

எது சரிவரவில்லை? தோடி. ஹிந்துஸ்தானி தோடியின் காந்தாரம் கட்டையில் இருக்கும் இடத்தைவிடக் கீழே, அதிகோமளமாக நிற்க வேண்டும். ராகத்தின் கண்ணீர் முழுக்க அந்த ஒரு ஸ்வரத்தில்தான் இருக்கிறது. ஜூப்பிட்டரின் பெண்டரை (சுருதியை வளைக்கும் நெம்புகோல்) தள்ளி அங்கங்கே இறக்கலாம். ஆனால் நிரலில் ஓடும் பேஸ் அதற்கு இசையாது. கை கீழே இறங்க, பெட்டி மேலேயே நிற்கும். யமனில் இதே பிரச்சினை லேசாக உண்டு. தூய அந்தர காந்தாரம் ஷட்ஜத்திலிருந்து 386 சென்ட் (கீபோர்டில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளுக்கு இடையே 100 சென்ட்). கீபோர்டு கட்டை தருவது 400. அந்த 14 சென்ட் கூர்மை, கல்யாணியின் காந்தாரத்தில் ஊறிய காதுக்குக் கொஞ்சம் கசக்கும். தம்புரா பின்னால் இல்லாததால் தப்பிக்கிறது. இருந்திருந்தால் அடிப்பு அலை (சற்றே விலகிய இரண்டு சுருதிகள் சேரும்போது எழும் அதிர்வு) கேட்டிருக்கும். லலித்தை வேறு கணக்கில் வைக்க வேண்டும்: இரண்டு மத்யமமும் கட்டையில் அடுத்தடுத்து இருப்பதால் அரைச் சுருதி நடை இயந்திர வேகத்தில் வரும்போது ஒரு பதற்றம் பிறக்கிறது. ராகத்துக்கு உரிய விடிகாலை அமைதி அங்கே இல்லை. ஆனால் கேட்கச் சுவையாக இருக்கிறது.

கமகம் எப்படி என்று கேட்பவர்களுக்கு, 303-ன் ஸ்லைடு பற்றிக் கொஞ்சம் விவரமாக. ஒரு ஸ்வரத்துக்கு ஸ்லைடு போட்டால் அது விடாமல் நீண்டு அடுத்த ஸ்வரத்துக்குச் சறுக்கும். சறுக்கும் நேரம் நிலையானது, சுமார் 60 மில்லிநொடி. பக்கத்து ஸ்வரமோ ஒரு ஸ்தாயி தள்ளி இருப்பதோ, நேரம் ஒன்றுதான். நிமிடத்துக்கு 120 தாளத்தில் ஒரு ஸ்டெப் 125 மில்லிநொடி. அதாவது ஸ்வரத்தின் பாதி நேரம் சறுக்கலிலேயே போகிறது. அதனால்தான் இது காதுக்கு ஜாரு போலக் கேட்கிறது. கம்பிதம் வராது; ஒரே ஸ்வரத்துக்குள் ஆடி வர இந்தப் பெட்டிக்குத் தெரியாது. வேண்டுமென்றால் க, ம, க, ம என்று நாலு ஸ்டெப்பை அடுத்தடுத்து ஸ்லைடு போட்டு இணைக்கலாம். தோராயமான அசைவுதான், ஆனால் ஹிந்தோளத்தின் காந்தாரத்துக்கு அதுவே கொஞ்சம் உயிர் தரும்.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு சுற்று இங்கே. தட்டில் உள்ளதன் நகல் அல்ல. அந்த முறையைப் புரிந்துகொள்ள. கட்டை சி-யை ஷட்ஜமாக வைத்தால் ஹிந்தோளத்துக்கு ஈ ஃப்ளாட், எஃப், ஏ ஃப்ளாட், பி ஃப்ளாட்.

ஸ ஸ க ஸ | ம ஸ த ம | ஸ ஸ நி ஸ | த ம க ஸ

ஏழாவது ஸ்டெப்பின் தைவதத்திலும் பதினைந்தாவது ஸ்டெப்பின் காந்தாரத்திலும் ஸ்லைடு. குறி வைக்க வேண்டியது சறுக்கல் தொடங்கும் ஸ்வரத்தில், போய்ச் சேரும் ஸ்வரத்தில் அல்ல. முதல் நாள் எல்லோரும் இதை மாற்றிப் போட்டுவிட்டு, ஸ்லைடு ஒரு ஸ்டெப் தள்ளிப் போகிறதே என்று குழம்புவார்கள். ஆக்சென்ட் (ஸ்வரத்தை அழுத்திக் காட்டும் குறி) ஐந்தாவதிலும் பதின்மூன்றாவதிலும் போதும். எல்லாவற்றிலும் போட்டால் எதுவும் தனித்து நிற்காது; ரெசொனன்ஸ் கூடும்போது அடுத்தடுத்த ஆக்சென்ட் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கூச்சலாகிவிடும். ஒலி அமைப்புக்குத் தொடக்கப் புள்ளி: ரம்பப்பல் அலை, கட்ஆஃப் கடிகாரத்தின் 10 மணி நிலை, ரெசொனன்ஸ் 12, என்வலப் (ஒவ்வொரு ஸ்வரத்திலும் வடிகட்டி திறக்கும் அளவு) 10, டிகே (அது மூடும் நேரம்) 9. ரெசொனன்ஸை 3 மணிக்கு ஏற்றினால் சிகாகோவுக்குப் போய்விடுவீர்கள். ராகம் கீச்சுக்குள் மறைந்துவிடும்.

அசல் 303-ல் நிரல் எழுதுவது தனிச் சோதனை. ஸ்வரங்களை ஒரு பட்டியலாகவும் காலத்தை இன்னொரு பட்டியலாகவும் தர வேண்டும். காலப் பட்டியலில் ஒவ்வொரு ஸ்டெப்பும் ஸ்வரமா, நீட்டலா, மௌனமா என்று சொல்ல வேண்டும். மௌனத்துக்கும் நீட்டலுக்கும் ஸ்வரப் பட்டியலில் இடம் கிடையாது. இதை மறந்து ஓர் ஸ்வரம் கூடவோ குறையவோ எழுதினால், அந்த இடத்துக்குப் பிறகு எல்லா ஸ்வரமும் ஓர் இடம் நகர்ந்து, ஷட்ஜம் சமத்தில் விழாது. வழி ஒன்றுதான்: முதலில் காகிதத்தில் 16 கட்டம் போட்டு, ஸ்வரம் உள்ள கட்டங்களை மட்டும் எண்ணி, அந்த எண்ணிக்கைக்கு எழுதுவது. நினைவகம் பேட்டரியில் நிற்பது இன்னொரு தொல்லை. நான்கு சி அளவு பேட்டரி இறந்துபோனால் எழுதி வைத்ததெல்லாம் அழிந்து கன்னாபின்னா வரிசைகள் வரும்.

இன்றைக்கு அசலைத் தேடிப் போக வேண்டிய அவசியமில்லை. சேகரிப்பாளர்கள் விலையை எங்கோ கொண்டுபோய்விட்டார்கள். ரோலண்டின் டி.பி.-03 டிஜிட்டல் முறையில் அதே ஒலியைத் தருகிறது, ஸ்டெப் ஸ்டெப்பாக எழுதும் வசதியும் உண்டு. மேலே சொன்ன இரட்டைப் பட்டியல் தலைவலி இல்லை. பெரிங்கர் டி.டி.-3 அனலாக் சுற்று, விலை குறைவு. ராகம் பழக இரண்டில் எதுவும் போதும். பழைய கருவியோடு இணைக்கும்போது ஒன்றை மட்டும் கவனியுங்கள்: 808-லும் 303-லும் இருக்கும் ஐந்து முள் சாக்கெட் மிடி (மின் இசைக் கருவிகள் ஒன்றோடொன்று பேசும் பொதுமுறை) அல்ல. மிடி அறிமுகமானது 1983-ல். இவை அதற்கு முந்தியவை. அது ரோலண்டின் டின் சிங்க், பெட்டிகளை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் இணைப்பு; ஒரு காற்பங்குத் தாளத்துக்கு 24 துடிப்பும், ஓடு-நில் என்ற ஒரு சைகையும் மட்டும் போகும். மிடி கேபிள் உருவத்தில் பொருந்தும், செருகினால் உட்காரும், ஆனால் பெட்டி நகராது. இடையில் மாற்றிக் கருவி ஒன்று வேண்டும். அசல் 808-ஐத் தலைமையாக வைத்து 303-ஐ அதன் பின்னால் ஓட விட்டால் எந்த மாற்றியும் தேவையில்லை.

தட்டுக்கு வருவோம். மொத்தம் சுமார் 50 நிமிட இசை. 1982 பதிப்பு ஒற்றைத் தட்டு. பக்கத்துக்கு 25 நிமிடம் வருகிறது. 33⅓ வேகத்தில் அவ்வளவு நேரத்தை அடைக்க வேண்டுமென்றால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும், அதற்கு ஒலி அளவையும் கீழ் பேஸையும் குறைத்தாக வேண்டும். 808-ன் கிக் போன்ற ஆழமான அலைக்குத்தான் அகலமான பள்ளம் தேவை, அதுதான் முதலில் பலியாகும். இரட்டைத் தட்டில் அதே இசை நான்கு பக்கத்தில் பரவுவதால் பள்ளத்துக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது. அசல் பிரதிக்கு அள்ளிக் கொடுப்பவர்கள் அட்டைக்காகக் கொடுக்கலாம். ஒலிக்காக என்றால் மறுபதிப்புதான் சரியான தேர்வு.

ஊசி விஷயத்தில் இந்தத் தட்டு கொஞ்சம் கறார். ஜூப்பிட்டரின் உயர்ந்த ஸ்வரங்களில் ஓரம் கூராக இருக்கிறது. உருண்டை ஊசியாக இருந்தால் ஒவ்வொரு பக்கத்தின் கடைசி ராகத்திலும் 'ஸ்ஸ்' என்று சிதறும். உள் பள்ளத்தில் அதே ஒரு நொடி இசை குறைந்த நீளத்தில் அடைக்கப்பட்டிருப்பதும், உருண்டை முனை அந்த நுணுக்கத்துக்குள் இறங்க முடியாததும்தான் காரணம். நீள்வட்ட முனை இருந்தால் பெரும்பகுதி தீரும். பிறகும் சிதறினால் காட்ரிஜ் (ஊசி பொருத்திய தலை) கோணத்தைச் சரிபாருங்கள். ஊசியின் எடையைக் காட்ரிஜ் கையேடு சொல்லும் வரம்பின் மேல் பாதியில் வையுங்கள். எடை குறைவாக இருந்தால் தட்டு தேயாது என்று நினைப்பது தவறு. லேசான ஊசி பள்ளத்துக்குள் குதிக்கும், குதித்தால்தான் சுவர் சேதமாகும்.

லேப்டாப் ஸ்பீக்கரிலோ கைப்பேசியிலோ கேட்டுவிட்டு 'தாளம் சொத்தையாக இருக்கிறது' என்று சொல்பவர்கள் உண்டு. 808 கிக்கின் அடிநாதம் 50 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கிறது. அந்தச் சின்ன ஸ்பீக்கரால் அதைத் தரவே முடியாது. கேட்பது கிக்கின் 'டொக்' என்ற தொடக்கம் மட்டும். ஆறரை அங்குல வூஃபர் அல்லது நல்ல ஹெட்போன் குறைந்தபட்சம். அதற்காக ஆம்ப்ளிஃபயரில் பேஸ் திருகை ஏற்றிவிடாதீர்கள். ஏற்றினால் 303-ன் வரி கிக்குக்குள் கரைந்துவிடும், ஸ்வரம் பிரிந்து கேட்காது. ராகத்தின் ஆதாரமே அந்த வரிதான்.

குறை என்று சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. பத்து ராகத்துக்கும் தாள அமைப்பு கிட்டத்தட்ட ஒன்றே. நாலு அடிக்கும் நேரான கிக், மேலே ஹை-ஹாட், அங்கங்கே ஒரு நிரப்பல். ஒரே மூச்சில் 50 நிமிடம் கேட்டால் ஆறாவது ராகத்துக்குள் காது மரத்துவிடும். ஒவ்வொரு ராகமும் சுமார் ஐந்து நிமிடம். விஸ்தாரத்துக்கு அது போதாது என்பதும் உண்மை. மேக் மல்ஹாரில் மேகம் கூடுவதற்குள் முடிந்துவிடுகிறது. ஆனால் அன்றைக்கு இதைச் செய்யச் சொல்லி யாரும் கேட்கவில்லை, செய்து காட்ட முன்மாதிரியும் இல்லை. 2012 முதல், எழுபதைத் தாண்டிய வயதில், இதே ராகங்களை ஐரோப்பிய மேடைகளில் இளைஞர் கூட்டத்தின் முன்னால் அவர் வாசித்தார். 2015 ஜூலையில் மும்பையில் காலமானார். முப்பது வருஷம் தாமதமானாலும் அந்தக் கைதட்டல் அவர் காதில் விழுந்தது என்பது நமக்கு மிகப் பெரிய நிம்மதி.

வாங்கும்போது பழைய பிரதி என்றால் இரண்டு தட்டும் உள்ளே இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒன்று மட்டும் இருந்தால் பாதி ராகம் போச்சு. பிறகு விளக்குக்குக் கீழே சாய்த்து, ஒவ்வொரு பக்கத்தின் கடைசிப் பாட்டுப் பகுதியில் சாம்பல் நிறத் தேய்மானம் இருக்கிறதா என்று கவனியுங்கள். அங்கே வெளுத்திருந்தால் முன்பு வைத்திருந்தவர் மோசமான ஊசியில் ஓட்டியிருக்கிறார். எவ்வளவு கழுவினாலும் அந்தச் சிதறல் போகாது. தட்டு வீட்டுக்கு வந்ததும் முதல் பக்கத்தில் தொடங்க வேண்டாம். கலாவதியில் ஊசியை வையுங்கள், அடுத்து மால்கௌன்ஸ். அன்றைக்கு அது போதும். தோடியை ஒரு வாரம் கழித்துக் கேளுங்கள்.